பேனரில் ஆறிய புண்

எங்கள் கொம்யூனில், புதுச்சேரியில் பஞ்சாயத்துக்கு அதுதான் பேர், வாய் நோய் போன வருஷமே ஒழிந்துவிட்டது. அந்தச் சேதி எனக்கு மட்டும் வந்து சேரவில்லை. அதனால்தான் இந்த வருஷம் என் வாயில் வெள்ளையாக ஒன்று வந்து உட்கார்ந்தது.

நான் கரும்பு வெட்டுகிறவன். காலையில் வயலில் இறங்கும்போது இடது கன்னத்தில் ஒரு துண்டுப் புகையிலையை அடக்கிக்கொண்டால் வெயில் ஏறும்வரை பசி தெரியாது. அந்த இடத்தில்தான் வந்தது. முதலில் காரம் பட்டால் எரிந்தது. பிறகு எரிச்சல் போய்விட்டது, வெள்ளை மட்டும் நின்றுகொண்டது. விரலால் தேய்த்தேன், உப்பு வைத்துத் தேய்த்தேன். சுவரில் அடித்த சுண்ணாம்பு போல அசையவில்லை. என் வீட்டுக்காரி எல்லம்மாள் உள்ளே பார்க்காமலேயே உஷ்ணம் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மணத்தக்காளிக் கீரைதான். வேலியோரத்துக் கீரை தீர்ந்தது, வெள்ளை தீரவில்லை.

அப்போதுதான் பால் சொசைட்டிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் எழுத்துப் படித்தது தலை நரைத்த பிறகு. அதனால் சுவரில் எது ஒட்டியிருந்தாலும் நின்று கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவேன், அச்சகத்துப் பேர் உட்பட. கண் சிவந்து பீளை தள்ளினால், காதில் சீழ் வந்தால், குரல் கம்மித் தெளியாமல் கிடந்தால், வாயில் புண்ணோ வெள்ளைப் படலமோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் உடனே வந்து காட்டவும் என்று போட்டிருந்தது. கீழே, புலன் நலக் கண்டறிதல் இயக்ககம், ஒதியம்பட்டு முகாம்.

படித்து முடிக்கும்போது நாக்கு தானாக இடது கன்னத்துக்குப் போயிற்று. இரண்டு வாரம் எப்போதோ தாண்டியிருந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒருவருக்கு இப்படிக் கன்னத்தில்தான் தொடங்கியது. கடைசியில் கஞ்சியைக்கூட வாயை மூடிக்கொண்டு விழுங்க முடியாமல் போய்ச் சேர்ந்தார். யாராவது ஒருத்தர் என் வாய்க்குள் பார்த்து, இது அது இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு பேச்சுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு ஒதியம்பட்டுக்குப் போனேன்.

முகாம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பன்னீர் தெளித்தார்கள், கற்கண்டு கொடுத்தார்கள். உள்ளே ஆளுயரத்தில் தெர்மாகோலில் வெட்டிய ஒரு கண், ஒரு காது, சிவப்புச் சாயம் பூசிய ஒரு வாய், பிறகு நெடுக ஒரு தொண்டை. மாலை போட்டிருந்ததால் கண்ணுக்குக் கீழே எழுதியிருந்தது தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு ஆள்.

கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த ஒருவர் என்னை மறித்தார். விழிப்புணர்வு ஒருங்கிணைப்பாளர் விஜயராஜ் என்று அட்டையில் இருந்தது.

"இன்னா பெரியவரே, கண்ணா, காதா?"

"வாய்ங்க."

அவர் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"வாய் போன வருஷமே முடிஞ்சிடுச்சேப்பா."

"இன்னா முடிஞ்சிடுச்சிங்க?"

"வாய் நோய். போன வருஷம் பூரா விழிப்புணர்வு குடுத்தோம். இந்த வருஷம் இந்தக் கொம்யூன்ல வாய் நோயே இல்லன்னு மேல சொல்லியாச்சி. அத்த பாக்கத்தான் இன்னைக்கு ஆய்வுக்கு வராங்க. இப்ப போய் நீ வாயத் தொறந்தினா, நாங்க குடுத்த விழிப்புணர்வு இன்னா ஆவறது?"

"அங்க வாய்க்கு ஒரு மேசை போட்டிருக்குதுங்களே."

"அது நல்ல வாய்க்கு. பார்வைக்கு வெச்சிருக்கோம்."

"எனக்குக் கன்னத்துல வெள்ளையா..."

"மெதுவாப் பேசு. உன் ஒருத்தனுக்காக ஒரு கொம்யூனே கெட்ட பேரு வாங்கணுமா? கண்ணுல ஆள் கொறையுது. அங்க போய் உக்காரு."

அவர் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. போய் உட்கார்ந்தேன்.

கண் மேசையில் இருந்த அம்மா நல்லமாதிரி. என் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, சிவந்திருக்கிறதே என்றார்.

"கரும்புச் சோகைத் தூசும்மா. சாய்ங்காலம் சரியாப் பூடும்."

"சாயங்காலம்தான? ஆய்வு மத்தியானமே முடிஞ்சிடும். அதுவரைக்கும் தாங்கும்" என்று ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டார். ஆய்வு முடிகிறவரை கழற்றக்கூடாது என்றார். மண்டபம் இருட்டிவிட்டது.

தடவிக்கொண்டு நடந்தேன். பக்கத்து மேசை காது. அங்கே இருந்தவர் தன் ஒரு காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டே இன்னொரு கையால் என் காதுக்குள் விளக்கைக் காட்டினார்.

"அழுக்கு அடைச்சிகினு இருக்குது" என்றார். என்னிடம் சொன்னாரா போனில் சொன்னாரா என்று தெரியவில்லை.

"எடுத்து வுட்டுடுங்க சார். ரொம்ப நாளா கொய்யுனு சத்தம்."

"எடுத்துட்டா அப்புறம் நான் கண்டுபுடிச்சது இன்னான்னு காட்டறது? அது பாட்டுக்கு இருக்கட்டும்பா." கைநிறையப் பஞ்சு எடுத்து இரண்டு காதிலும் அடைத்துவிட்டார். நான் சொன்னது ஒரு காது. ஆய்வுக்கு வருகிறவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று சொல்லமுடியாது என்றார்.

வரும்போது எனக்குக் கண் தெரிந்தது, காது கேட்டது. வந்த அரைமணி நேரத்தில் இரண்டும் போயின. மிச்சம் இருந்தது தொண்டை. தொண்டைக்குப் போக வாய் வழியாகத்தானே போகவேண்டும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை.

தொண்டை மேசைக்காரர் கையில் நல்ல டார்ச் விளக்கு வைத்திருந்தார். "ஆ சொல்லு" என்று என் காதருகே கத்தினார். காத்திருந்தவன் போலத் திறந்தேன். இடது கன்னம் வெளிச்சத்தில் படட்டும் என்று தலையையும் சாய்த்துக் கொடுத்தேன். அவர் என் தலையை நேராக்கினார். வெளிச்சம் நேரே உள்ளே போயிற்று.

"சுத்தமா இருக்குது. ஆனா இன்னா தொறப்புபா இது. இந்த மாதிரி ஒரு தொறப்பு நான் பாத்ததே இல்ல."

"சார், கொஞ்சம் இந்தாண்ட. கன்னத்துல."

"அது வாய்."

"ஆமாங்க, வாய்தான்."

"நான் தொண்டை. உள்நாக்குலேர்ந்து அந்தாண்ட எனக்கு. இந்தாண்ட இருக்கறது வாய் செக்சன்."

"டார்ச்சக் கொஞ்சம் திருப்பினீங்கன்னா..."

"திருப்பறது ஒண்ணும் கஷ்டமில்ல. திருப்பி, எதையாச்சும் பாத்துத் தொலச்சிட்டா? நான் பாக்காத வரைக்கும் உனக்கு ஒண்ணும் இல்ல. அப்படி நெனச்சிக்க."

எல்லை என்பது எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம். ரோட்டில் வண்டி கவிழ்ந்தால், தலை விழுந்த பக்கத்துப் போலீஸ் வருவதா, கால் கிடக்கிற பக்கத்துப் போலீஸ் வருவதா என்று பேசிமுடிப்பதற்குள் கவிழ்ந்தவன் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான். ஆனால் அந்த எல்லை என் வாய்க்குள்ளேயும் ஓடுகிறது, உள்நாக்குதான் அதற்கு நட்ட கல் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆய்வுக்குழு வந்தது. கொட்டுமேளம் அடித்தார்கள். கண்ணாடியைக் கொஞ்சம் மூக்குக்கு இறக்கிக்கொண்டு பார்த்தேன். குழு தெர்மாகோல் கண்ணைப் பார்த்துத் தலையாட்டியது, தெர்மாகோல் காதைத் தட்டிப் பார்த்தது, பிறகு மேடையில் உட்கார்ந்தது. துணை இயக்குநர் அரிகரன் மைக் முன்னால் வந்தார். பஞ்சை மீறிக்கொண்டு எனக்கே கேட்டது என்றால் குரல் எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

"பெரியோர்களே, நம் இயக்ககம் கண்டறியும் இயக்ககம். குணப்படுத்துவது வேறு துறை. இதைச் சிலர் குழப்பிக்கொண்டு, மாத்திரை உண்டா என்று கேட்கிறார்கள். விழிப்புணர்வு பெற்றவன் மாத்திரை கேட்க மாட்டான். ஒன்றைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். என் பணிக்காலம் முழுவதிலும் ஒரு நோயாளியைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. இதைவிட நம் பணிக்கு வேறென்ன சான்று வேண்டும்?"

கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"வாய் நோயை எப்படி ஒழித்தோம் என்று அண்டைக் கொம்யூன்களில் கேட்கிறார்கள். ரகசியம் ஒன்றுமில்லை. மக்களை வாயைத் திறக்க விடாமல், முதலில் நாம் பேசினோம். தொடர்ந்து பேசினோம். அவ்வளவுதான்."

மறுபடியும் கைதட்டல். அடுத்து நோயில்லாத வாய் ஒன்றைக் குழுவுக்குக் காட்டவேண்டும். அதற்காகச் சொல்லிவைத்திருந்த காலேஜ் பெண்ணுக்குப் பரீட்சையாம், வரவில்லை. விஜயராஜ் மேசை மேசையாக ஓடினார். தொண்டைக்காரர் எழுந்து என் பக்கம் கையைக் காட்டினார்.

"சார், இவரு நல்லாத் தொறப்பாரு சார்."

விஜயராஜ் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன இருக்கிறது என்று அந்த மண்டபத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஒரு நொடி யோசித்தார். பிறகு என் கண்ணாடியைக் கழற்றினார், காதுப் பஞ்சைப் பிடுங்கினார்.

"வா. நீ இப்ப நல்ல ஆளு."

கண்ணும் காதும் ஒரே நேரத்தில் குணமாயின. மேடைக்கு ஏற்றினார்கள். துணை இயக்குநர் ஐயா என்னருகே வந்து நின்றதும், விட்டால் கிடைக்காது என்று வாயெடுத்தேன்.

"சார், என் வாயில ஒரு..."

"பேசாதீர்கள். பேசினால் வாய் மூடிக்கொள்கிறது" என்றார் ஐயா.

திறந்தேன். என்னைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஐயா தன் ஆள்காட்டி விரலை என் வாய்க்குள் நீட்டினார். விரல் நகத்துக்கும் அந்த வெள்ளைக்கும் நடுவே ஒரு நெல் போகும், அவ்வளவுதான் இடைவெளி.  பார்த்துவிடுவார் என்று நினைத்தேன்.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றான் போட்டோக்காரன்.

எல்லாரும் அங்கே பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லம்மாள் கேட்டாள். "காட்டினியா?"

"காட்டினேன்."

"இன்னா சொன்னாங்க?"

"பெரிசாத் தொறக்கறேன்னு சொன்னாங்க."

"நான்தான் சொன்னேனே, சூடுதான்" என்று கீரையை எடுத்துவைத்தாள். எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அத்தனை படித்தவர்கள் அத்தனை கிட்டத்தில் நின்றார்களே, ஏதாவது இருந்தால் ஒருத்தர் கண்ணிலாவது பட்டிருக்காதா.

ஒரு வாரம் போயிருக்கும். பஸ் நிறுத்தத்தில் சவுக்குக் கம்பு நட்டு ஒரு பேனர் கட்டினார்கள். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பேனர் கட்டுகிற ஊர்தான் என்றாலும் இவ்வளவு பெரியது வந்ததில்லை. மேலே வரிசையாக அதிகாரிகள், நடுவில் கும்பிட்டபடி ஐயா. கீழே பாதிக்கு மேல் என் வாய். 'நோயற்ற வாய் இதுவே' என்று மஞ்சள் எழுத்து. அந்த வாய்க்குள் ஒரு ஆள் குனிந்து நுழையலாம். இடது கன்னத்தில் அந்த வெள்ளை, தோசைக்கல் அகலத்துக்குத் தகதகவென்று வெயிலில் அடித்தது.

பூரணாங்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற மணியம்மாள் கூடையை இறக்கி அதன் நிழலில்தான் உட்காருவாள். என்னைக் கண்டதும், "இன்னாண்ணா, வாய்ல ஒட்டிகினு இருக்கிற தயிர்ச் சோத்தத் தொடச்சிகினு போட்டா எடுத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

"தயிர்ச் சோறு இல்லக்கா, இட்லி. முழு இட்லியா வெச்சிருக்காரு" என்றான் டீக்கடையில் இருந்த மணிவண்ணன், என்னோடு கரும்பு வெட்டுகிறவன். அவனுக்கு வேறு கவலை. "யண்ணா, இத்த எப்ப கழட்டுவாங்க? என் மாட்டுக்கொட்டாய் ஒழுவுது. மொதல்ல நான் சொல்லி வெச்சிட்டேன், ஆமா. உன் வாய்க்குக் கீழ நாலு மாடு கட்டலாம்."

நானும் சிரித்தேன். அப்போது கடைக்கு வந்த எல்லம்மாள் ரோட்டைக் கடக்கப் போனவள் அப்படியே நின்றாள். தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள். இத்தனை நாள் என் கன்னத்துக்குள் கிடந்ததை அவள் பார்த்ததே அன்றைக்குத்தான்.  அவள் பேனருக்குக் கிட்டே போய், எக்கி, கைக்கு எட்டிய அந்த வெள்ளையின் கீழோரத்தைப் புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"யோவ். இது சூடு இல்லியா?"



அந்த நேரம் பார்த்து இயக்ககத்து ஜீப் வந்தது. விஜயராஜும், பேனர் அடித்த கடைக்காரன் திலீப்பும் இறங்கினார்கள். ஆய்வுக்குழு வேறு ஊருக்குப் போகிற வழியில் பேனரைப் பார்த்துவிட்டு, படத்தில் கறை இருக்கிறது என்று ஐயாவுக்குப் போன் செய்துவிட்டதாம். விஜயராஜ் பேனரை அண்ணாந்து பார்த்தார். திலீப் கை கட்டி நின்றான்.

"எங்க மிசின் கறை இல்ல சார். படத்துலயே இருக்குது."

"தெரியுதுப்பா. இது கறை இல்ல" என்ற விஜயராஜ் மண்டபத்துக் குரலுக்கு மாறினார். "வெள்ளைப் படலம். தேச்சாப் போவாது. புகையில அடக்கற எடத்துல வரும். இரண்டு வாரத்துக்கு மேல இருந்தா உடனே சதைய எடுத்துச் சோதிக்கணும். வுட்டா புத்து நோயா மாறும். தெளிவா இருக்குது பாரு, பாடத்துல இருக்கற மாதிரியே."

 சவுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். கண்டறியும் இயக்ககம் கண்டறிந்துவிட்டது. நான் மனதார அவரைக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, திலீப்பைப் பார்த்தார்.

"இன்னைக்கே சரி பண்ணிடணும்."

"இப்பவே பண்ணிடறேன் சார்." திலீப் ஜீப்பிலிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர்ச் சுருளை எடுத்தான். ஏணி போட்டு ஏறி, அளவு பார்த்து வெட்டி, வெள்ளையின் மேல் ஒட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் துணியால் நீவிவிட்டான். நல்ல வேலைக்காரன். கீழே இருந்து பார்த்தால் பச்சைப்பிள்ளை வாய் மாதிரி இருந்தது. வலி இல்லை, ரத்தம் இல்லை. அந்த இயக்ககத்தின் வரலாற்றில் கண்டறிந்த கையோடு குணமான முதல் நோய் அதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லம்மாள் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், படத்துக்கு ஆயிடுச்சி. ஆளுக்கு?"

"எந்த ஆளும்மா?"

"தோ நிக்குதே, இந்தாளு. அது இதோட வாய்தான்."

விஜயராஜ் என்னைப் பார்த்தார், மறுபடி பேனரைப் பார்த்தார். "ஆளு எங்க செக்சன் இல்லம்மா. எங்களுக்குப் படம்தான். நோட்டீஸ்லதான் எல்லாம் தெளிவாப் போட்டிருக்கோமே, உடனே போய்க் காட்டச் சொல்லி."

"காட்டச் சொல்லித்தான் உங்ககிட்ட வந்திச்சி."

"எங்ககிட்டயே காட்டினா எப்படிம்மா" என்றார் அவர், உண்மையிலேயே வருத்தத்தோடு. ஜீப் கிளம்பியது.

எல்லம்மாள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. என் இடுப்பில் இருந்த கரும்புக் கத்தியை உருவினாள். திலீப் விட்டுப்போன ஏணியில் ஏறினாள். முதலில் ஸ்டிக்கரை உரித்துக் கீழே போட்டாள். பிறகு என் வாயைச் சுற்றி, உதட்டோரமாகவே, பேனரை அறுத்தாள்.

"யக்கா, யக்கா, ஓட்டை போடாத, மாட்டுக்கொட்டாய்க்கு ஆவாது" என்று மணிவண்ணன் பதறினான்.

"உன் மாடு நனையட்டும்டா" என்றாள். அறுத்த வாயைப் பாய் மாதிரிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டாள். "இன்னாயா பாத்துகினு நிக்கற? வா." புதுச்சேரி பஸ் வந்து நின்றிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டம். எங்கள் முறை வந்தபோது டாக்டரம்மா, எதிரே உட்கார்ந்த எங்கள் இருவரையும் பார்த்து, "யாருக்கு, என்ன?" என்றார். எனக்குச் சொல்ல வரவில்லை. சொன்ன இடத்திலெல்லாம் வேறு மேசைக்குத்தானே அனுப்பினார்கள். எல்லம்மாள் சுருளை மேசையில் வைத்துப் பிரித்தாள். மேசை போதாமல் இரண்டு பக்கமும் என் உதடு தொங்கியது.

டாக்டரம்மா அதைப் பார்த்தார். வெள்ளை இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"இவருதாம்மா."

அவர் கையுறை மாட்டிக்கொண்டார். விளக்கை இழுத்தார். "வாயைத் திறங்க."

நான் திறந்தேன். பழக்கம் விடவில்லை. தலையை நிமிர்த்தி, போட்டோக்காரன் நிற்கிற பக்கம் எது என்று தேடி, பல் முழுக்கத் தெரியும்படி சிரித்தேன்.

"சிரிக்காதீங்க. உள்ள பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

கன்னத்தை விரலால் விலக்கி, வெளிச்சத்தை இடது பக்கம் திருப்பி, குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

ஒரு துணுக்குச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முற்றவில்லை, விட்டிருந்தால் முற்றியிருக்கும் என்று முடிவு வந்தது. வெட்டி எடுத்துத் தையல் போட்டிருக்கிறார்கள். புகையிலையை எல்லம்மாள் வாய்க்காலில் கொட்டிவிட்டாள். இன்னும் சில மாதம் போய்க் காட்டிவரவேண்டும்.

ஒவ்வொரு முறையும் அந்த பஸ் நிறுத்தத்தில்தான் நிற்கிறேன். பேனரை இன்னும் கழற்றவில்லை, அடுத்த ஆய்வு வருகிறதாம். மேலே ஐயா கும்பிட்டபடியே இருக்கிறார். என் வாய் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. அதன் வழியாகக் காற்று தாராளமாகப் போய்வருகிறது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம் தெரிகிறது. ஓட்டைக்குக் கீழே 'நோயற்ற வாய் இதுவே' என்ற மஞ்சள் எழுத்து அப்படியே இருக்கிறது. நிற்கிறபோதெல்லாம் படிக்கிறேன். இப்போது அதில் தப்பு ஒன்றும் இல்லை.